மாத்திரை அட்டையில் ஒரு காவிரி

அந்த மூன்று புத்தகங்களையும் வந்த அன்றே பழைய பேப்பர்காரருக்குப் போட்டிருந்தால் எனக்கு இந்தப் பாடு வந்திருக்காது. ஸ்ரீரங்கத்தில் எங்கள் எதிர் ஃப்ளாட்டில் இருந்தவர், வெளிநாட்டில் இருக்கும் மகனோடு போய்த் தங்கிவிடுவதென்று கிளம்பினார். வீட்டைக் காலி செய்கிற அவசரத்தில் அவற்றை என் கையில் திணித்துவிட்டார். "மருமக படிக்கிறப்ப வாங்கினது டீச்சர். நீங்கதான் தையல் தெரிஞ்சவங்க, உங்களுக்குத்தான் உபயோகப்படும்" என்றார். ஒவ்வொன்றும் அம்மிக்கல் கனம். வழவழப்பான தாள், பக்கத்துக்குப் பக்கம் கலர் படம். துணியோடு காகிதம், கம்பி, துருப்பிடித்த ஆணி, மரப்பட்டை என்று கையில் கிடைத்ததையெல்லாம் சேர்த்துத் தைத்து, அதைக் கலை என்று சுவரில் மாட்டுகிறவர்கள் எழுதியவை.

நான் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். பிள்ளைகள் தைத்துக் கொண்டுவரும் கைக்குட்டையை வாங்கினால் முதலில் பின்பக்கத்தைத்தான் திருப்புவேன். முன்பக்கத்தை யார் வேண்டுமானாலும் அழகாகக் காட்டிவிடலாம். முடிச்சு தெரியாமல், நூல் தாவாமல் பின்பக்கம் இருந்தால்தான் மார்க். பெற்றோர்கள் சண்டைக்கு வந்தாலும் மார்க்கை மாற்ற மாட்டேன். அப்படிப்பட்டவளிடம் வந்து இந்தப் புத்தகம், நூலைத் தொங்கவிடு என்கிறது. ஓரத்தை மடிக்காதே, பிரிந்தால் பிரியட்டும் என்கிறது. நல்ல வெள்ளைத் துணியை டீத்தூள் தண்ணீரில் போட்டு அழுக்காக்கு என்கிறது. ஒரு படத்தில், கிழிசலை மறைக்காமல் சுற்றிலும் சிவப்பு நூலால் கொட்டை கொட்டையாகத் தையல் போட்டிருந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் வகுப்பில் ஒருத்தி இப்படிச் செய்திருந்தால், அத்தனையும் பிரித்துவிட்டு மறுபடி தைத்துக்கொண்டு வா என்று வெளியே அனுப்பியிருப்பேன்.

திட்டிக்கொண்டேதான் படித்தேன். என் இங்கிலீஷ் குழந்தையின் நடைவண்டி மாதிரி. படத்தைப் பார்ப்பது, பக்கத்தில் இருப்பதை இரண்டு தடவை வாசிப்பது, புரியாத வார்த்தைக்கு மகளைக் கேட்பது. மத்தியானம் சாப்பாடு ஆனதும் உட்கார்ந்தால் அவள் ஆபீஸிலிருந்து வரும்வரை அதே வேலை. உண்மையைச் சொன்னால், அந்த மத்தியான நேரத்தைத் தள்ளத்தான் எனக்கு ஏதாவது வேண்டியிருந்தது. கையில் ஊசி இல்லாவிட்டால் மனம் மன்னார்புரத்துக்கு ஓடிவிடும்.

மன்னார்புரத்தில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில்தான் மகளுக்கு வேலை. எங்களுக்கு அவள் ஒருத்திதான். அவள் அப்பா தொழிற்சாலையில் வேலை பார்த்துக் கைலாசபுரம் குவார்ட்டர்ஸில் நாங்கள் குடியிருந்தபோது, கல்லூரி வகுப்பிலேயே அவளுக்கு வலிப்பு வந்தது. பெஞ்சுக்குக் கீழே விழுந்து கிடந்தவள் கையில் யாரோ சாவிக்கொத்தைத் திணித்தார்களாம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது எழுந்து உட்கார்ந்து, சாவி அழுத்திய தழும்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு டாக்டர், ஸ்கேன், காலையும் ராத்திரியும் மாத்திரை. "மாத்திரையை விடாம சாப்பிட்டா போதும்மா, எல்லாரையும் மாதிரி இருக்கலாம்" என்றார் டாக்டர். அவள் எல்லாரையும் மாதிரித்தான் இருந்தாள். படித்து முடித்தாள், வேலைக்குப் போனாள், பஸ்ஸில் இடம் கிடைக்காமல் நின்றுகொண்டு வந்தாள். பல வருஷமாக அவளுக்கு ஒன்றும் வரவில்லை. நான்தான் எல்லாரையும் மாதிரி இல்லை. அவள் குளியலறையில் வாளி சாய்ந்தால் எனக்கு இங்கே உயிர் போய் வரும்.

வீட்டில் அந்த வார்த்தையை நாங்கள் சொல்வதில்லை. 'அது' என்போம். 'அது வந்தப்ப', 'அதுக்கு அப்புறம்'. மாத்திரையை ஸ்ரீரங்கத்தில் வாங்க மாட்டோம். ஆற்றைத் தாண்டிப் போய், நம்மைத் தெரியாத கடையாகப் பார்த்து வாங்குவோம். காலி அட்டையைக் குப்பையில் போடுவதற்கும் எனக்குப் பயம். எங்கள் அப்பார்ட்மெண்ட் வாசலில் காலையில் மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரித்து வாங்குவார்கள். வாளியைக் கவிழ்த்தால் நாலு பேர் பார்ப்பார்கள். அதில் ஒருவர் பெயரைப் படித்து, ஃபோனில் தட்டிப் பார்த்தால் போதாதா? அதனால் அட்டைகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் சேர்த்து வைப்பேன். என் வீட்டுக்காரர் சத்திரம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போகும்போது பையில் எடுத்துக்கொண்டு போய் அங்கே தொட்டியில் போட்டுவிட்டு வருவார். அவருக்கு முட்டிவலி வந்து பஸ் ஏறுவது குறைந்ததும் டப்பா நிரம்பியது. இன்னொரு டப்பா வைத்தேன். அதுவும் நிரம்பியது.

இரண்டாவது புத்தகத்தில் உலோகத் தகட்டைத் துணியில் சேர்த்துத் தைப்பதற்கு ஒரு அத்தியாயமே இருந்தது. மெல்லிய தகட்டைத் துணிமேல் வைத்து நேரடியாக ஊசி குத்தினால் கிழிந்துவிடும், முதலில் துளை போட்டுக்கொள்ள வேண்டும், மேலே வலைத்துணியை மூடி இரண்டையும் சேர்த்துப் பிடித்துத் தைக்க வேண்டும் என்று போட்டிருந்தது. தகட்டுக்கு எங்கே போவது? தெப்பக்குளத்துப் பக்கம் நூல் கடையில் கேட்டேன். அந்தப் பையன் புடவையில் தைக்கிற ஜம்கியை எடுத்துக் காட்டினான். வீட்டில் கிடைப்பதை வைத்தே செய்யுங்கள் என்று புத்தகத்தில் நூறு இடத்தில் சொல்லியிருந்ததால் அலமாரியைத் திறந்து பார்த்தேன். பிஸ்கட் டப்பா இருந்தது.

மகள் சாப்பிடும் மாத்திரை, மேலும் கீழும் வெள்ளித்தாளாக ஒட்டி வரும் ரகம். ஓரத்தைக் கத்திரித்தால் இரண்டு தாளும் தனியாக வந்துவிடும். கரண்டி முதுகால் தேய்த்தால் சுருக்கம் போய்ப் பளபளவென்று ஆகிவிடும். ஓரத்தில் ஒட்டுப்போட்ட இடத்தில் மட்டும் பொடிக்கட்டமாக அச்சு இருக்கும், அது எவ்வளவு தேய்த்தாலும் போகாது. வெயிலில் பிடித்துப் பார்த்தபோது அந்தக் கட்டங்கள் காற்றடிக்கும் நேரத்துத் தண்ணீர் மாதிரியே இருந்தன. எனக்கு உடனே காவிரி ஞாபகம் வந்தது. பஸ் பாலத்தில் ஏறியதும் ஜன்னல் பக்கம் தெரியுமே, அந்தக் காவிரி.

அதற்கப்புறம் எனக்குச் சோறு தண்ணி நினைப்பில்லை. பழைய வேட்டியை டீத்தூளில் ஊறவைத்து மணலுக்குப் போட்டேன். கிழிந்த சாக்குத்துணி தூரத்து மலைக்கோட்டை. வெங்காயம் வந்த சிவப்பு வலைப்பையை வெள்ளித்தாளுக்கு மேலே விரித்தேன், தண்ணீரில் சாயங்கால வெளிச்சம் வந்துவிட்டது. பாலத்துக்குக் கறுப்பு நூலில் சங்கிலித் தையல். நூல் நுனிகளை வெட்டாமல் அப்படியே தொங்கவிட்டேன். கை கூசியது, ஆனாலும் விட்டேன். ஒன்றில் மட்டும் ஜாக்கிரதையாக இருந்தேன். மாத்திரையின் பெயர் அச்சான பக்கம் ஒன்றுகூட வெளியே தெரியாமல் உள்பக்கமாகத் திருப்பி வைத்துத்தான் தைத்தேன். முடித்த பிறகு கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு விரல் அகலம் விடாமல் தேடினேன். ஒரு எழுத்துகூட இல்லை.

என் வீட்டுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. ஹாலில் சோபாவுக்கு எதிர்ச் சுவரில் அவரே ஆணி அடித்தார். மகள் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள். பால்காரரைக்கூட உள்ளே கூப்பிட்டுக் காட்டினார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ஒளித்து ஒளித்து வைத்த சாமான் சுவரில் மின்னுகிறது, வெளியாள் ஒருவருக்கும் தெரியவில்லை என்பதில் ஒரு திருட்டுச் சந்தோஷமும் இருந்தது.

உப்பிலியபுரத்திலிருந்து வரன் வந்தது அதற்குச் சில மாதம் கழித்து. பையன் பெங்களூரில் வேலை. ஊரில் நிலமும் கடையும் இருக்கிறது, அப்பா அம்மா நல்ல மனிதர்கள் என்று தரகர் சொன்னார். ஜாதகம் நன்றாகப் பொருந்தியிருந்தது. போட்டோவைப் பார்த்து மகளும் சரி என்றாள். ஒன்றே ஒன்று சொன்னாள்: "வரதுக்கு முன்னாடியே சொல்லிடுங்கப்பா. வந்து உக்காந்து சாப்பிட்டப்புறம் சொன்னா நல்லாயிருக்காது."

போன தடவை வந்த வரனிடம் அப்படித்தான் முதலிலேயே சொன்னோம். அந்த இடம் போனது மட்டுமில்லை, அவர்கள் வழியாக எங்கள் சொந்தக்காரர்கள் வரை செய்தி போய், கல்யாண வீட்டில் ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, "இப்ப பரவால்லியா?" என்று துக்கம் விசாரித்தாள். அந்த அவமானம் எனக்கு இன்னும் ஆறவில்லை. "பொண்ணைப் பார்க்கட்டும். பிடிக்கட்டும். அப்புறம் பக்குவமா சொல்லிக்கலாம்" என்றார் என் வீட்டுக்காரர். நானும் அதற்குத் தலையாட்டினேன். மகள் எழுந்து உள்ளே போய்விட்டாள். இந்த இடமும் கைவிட்டுப் போனால் என் பெண்ணுக்கு இனி யார் வருவார்கள் என்பது மட்டும்தான் என் தலைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது.

வந்தார்கள். பையன், அவன் அப்பா, அம்மா. சோபாவில் உட்காரவைத்துக் கேசரியும் பஜ்ஜியும் கொடுத்தேன். பையன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் அப்பா பச்சைமலைப் பக்கம் மழை எப்படி என்று பேசினார். பேச்சோடு பேச்சாக, "நான் வயலோட சரிங்க. கடை முழுக்க இவங்க பொறுப்பு" என்று மனைவியைக் காட்டினார்.

"என்ன கடைங்க?" என்று கேட்டேன். மளிகைக் கடை என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"மெடிக்கல் ஷாப்புங்க" என்றார் அந்த அம்மா.

அவருக்கு நேர் எதிரே சுவரில் காவிரி. பெயர் உள்ளே இருக்கிறது, மேலே வலை இருக்கிறது, வலைக்கு மேலே தையல் இருக்கிறது, யாருக்கும் தெரியாது என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் கண் அங்கேயேதான் போய்ப் போய் வந்தது. நான் அடிக்கடி பார்ப்பதைப் பார்த்து அவரும் பார்த்துவிட்டார்.

"யாரு பண்ணதுங்க இது?"

என் வீட்டுக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். "எல்லாம் இவதாங்க. தடி தடியா புத்தகம் வெச்சிருக்கா. அதைப் பார்த்துப் பண்ணினது" என்று ஆரம்பித்து, வேட்டி, சாக்கு, வெங்காயப் பை என்று ஒவ்வொன்றாக விளக்கினார். வாயை மூடுங்கள் என்று சொல்லவா முடியும்? அந்த அம்மா எழுந்து பக்கத்தில் போனார்.

"தண்ணி என்னமா மின்னுது! இது என்னதுங்க, ஜரிகையா?"

"சாக்லேட் பேப்பருங்க" என்றேன். யோசிக்கவே இல்லை, தானாக வந்தது.

அவர் கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். வலைக்கு மேலே விரலை வைத்து ஓரத்தோடு மெதுவாகத் தடவினார். "சாக்லேட் பேப்பர்ல இந்தப் பொடிக்கட்டம் வராதுங்களே" என்றவர், கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில் சிரித்தார். "இது மாத்திரை அட்டைங்க! நாள் பூரா கத்திரிக்கோலால வெட்டிக் குடுக்கறேன், எனக்குத் தெரியாதா? நல்ல யோசனைதான் போங்க. ஆனா இவ்வளவு மாத்திரை யாருக்குங்க?"

அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. சும்மா கேட்டார்.

"எனக்குத்தாங்க" என்றார் என் வீட்டுக்காரர். "பிரஷர்."

"பிரஷர் மாத்திரையா? இந்தச் சைஸ்லயா?" அவர் மறுபடி குனிந்து ஒரு அட்டையின் நீளத்தைக் கட்டைவிரலால் அளந்தார். முகத்தில் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. தாளைத் திருப்பிப் பார்க்க முடிந்தால் பார்த்திருப்பார். யாராவது வாசல் மணியை அடிக்கக்கூடாதா, கரண்ட் போகக்கூடாதா என்று நான் வேண்டிக்கொண்டிருந்தபோது மகள் காபித் தட்டோடு ஹாலுக்குள் வந்தாள்.

"அப்பாவோடது இல்லைங்க, என்னோடது" என்றாள். "எனக்கு வலிப்பு இருக்கு. காலேஜ்ல இருக்கறப்ப வந்தது. மாத்திரை சாப்பிடறேன். பல வருஷமா ஒண்ணும் வரல. நீங்க வரதுக்கு முன்னாடியே சொல்லியிருக்கணும்."

எங்கள் ஹாலில் அந்த வார்த்தை கேட்டதே அன்றைக்குத்தான். ஒவ்வொருவரிடமும் தட்டை நீட்டினாள், ஒவ்வொருவரும் டம்ளரை எடுத்துக்கொண்டார்கள். பையன் முதல் தடவையாகத் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான். அவன் அம்மா திரும்பி வந்து சோபாவில் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"மாத்திரையை விடாம சாப்பிடறியாம்மா?"

"விடாம சாப்பிடறதாலதாங்க ஆறு இவ்வளவு நீளமா இருக்கு" என்றாள் மகள்.

பையன் சிரித்துவிட்டான். வேறு யாரும் சிரிக்கவில்லை. காபியைக் குடித்தார்கள். போயிட்டுச் சொல்லி அனுப்பறோம் என்று எழுந்தார்கள். வாசலில் செருப்பைப் போட்டுக்கொள்ளும்போது அந்த அம்மா மகளின் தோளைத் தொட்டு, "உடம்பைப் பார்த்துக்கோ" என்றார். என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

மறுநாளிலிருந்து ஃபோன் அடிக்கும்போதெல்லாம் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். அந்தப் பையன் சிரித்தானே, அதையே பிடித்துக்கொண்டு நானாக ஒரு கணக்குப் போட்டேன். தோளைத் தொட்டாரே, அதற்கு ஒரு அர்த்தம் பண்ணிக்கொண்டேன். மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறவர்களுக்கு விவரம் தெரியாமலா இருக்கும், ஒருவேளை அதுவே நல்லதாகப் போகுமோ என்றுகூட நினைத்தேன். சமையலில் உப்பு இரண்டு தடவை விழுந்தது. தரகர் கடைசியில் ஒரு மத்தியானம் கூப்பிட்டார். "ஜாதகத்தை இன்னொரு தரம் பார்க்கணுமாம்" என்றார். பொருந்திய ஜாதகத்தை மறுபடி பார்க்கிறோம் என்றால் என்ன அர்த்தம் என்று கல்யாணத்துக்குப் பெண்ணை வைத்திருக்கிற எல்லாருக்கும் தெரியும்.

ஃபோனை வைத்தபோது எனக்கு வந்த கோபம் இன்னதென்று சொல்ல முடியாது. தரகர்மேல், அந்த அம்மாவின் விரல்மேல், எதிர் ஃப்ளாட்டுக்காரர்மேல், நூலைத் தொங்கவிடச் சொன்ன அந்தப் புத்தகக்காரிமேல். என் வீட்டுக்காரர் வேறு, "உன்னை யாரு இதையெல்லாம் தைக்கச் சொன்னது?" என்றார். ஊரைக் கூட்டிக் காட்டினவர் அவர்தான். ஸ்டூலைப் போட்டு ஏறிக் காவிரியை ஆணியிலிருந்து எடுத்துத் தரையில் போட்டேன். பழைய பேப்பரோடு சேர்த்துக் கட்டப் புத்தகங்களையும் கொண்டுவந்து பக்கத்தில் அடுக்கினேன். கத்திரிக்கோலை எடுத்துக்கொண்டு, அட்டைகளை மட்டும் பிரித்து எடுத்துவிடுவதென்று உட்கார்ந்தேன். அப்படியே குப்பையில் போட எனக்கு அப்போதும் தைரியம் வரவில்லை.

மகள் ஆபீஸிலிருந்து வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"ஏம்மா அதை எறக்கினே?"

"பின்ன? இதாலதானே எல்லாம்" என்று கத்தினேன். "இது இங்க மாட்டாம இருந்திருந்தா இந்நேரம் உனக்கு நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறிச்சிருப்பாங்க. ஜாதகம் திரும்பப் பார்க்கணுமாம். உனக்கு வருத்தமாவே இல்லையா?"

"அவங்க போனதுல எனக்கு வருத்தம் இல்ல."

"வேற எதுலதான் வருத்தம் உனக்கு? நானும் பார்க்கறேன், அன்னிலேர்ந்து மூஞ்சிய தூக்கி வெச்சிக்கிட்டுத்தான் இருக்கே."

அவள் வந்து தரையில் என் எதிரே உட்கார்ந்தாள். என் கையிலிருந்து கத்திரிக்கோலை வாங்கிக் கீழே வைத்தாள். குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

"நீ இதை ஹால்ல மாட்டினப்ப, இனிமே மறைக்க வேண்டாம்னு நீயே முடிவு பண்ணிட்டன்னு நெனச்சேம்மா. அவ்வளவு சந்தோஷமா இருந்தது. ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் சொன்னேன். எனக்கு வலிப்பு, என் மாத்திரை அட்டையில எங்கம்மா காவிரி பண்ணி ஹால்ல மாட்டியிருக்காங்கன்னு போட்டோ எடுத்துக் காட்டினேன்."

நான் சாக்லேட் பேப்பர் என்று சொன்னபோது அவள் காபித் தட்டை வைத்துக்கொண்டு கதவுக்குப் பின்னால்தான் நின்றிருந்தாளாம்.